நாங்க படிக்கலையா?

 இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலையில் பொங்கல் சாப்பிடுகிற படம். அதன் கீழே ஒரு மாப்பிள்ளை எழுதினார்: "காலையிலயும் சோறு, மதியமும் சோறு, கண்ணாடி, மாத்திரை, தனி டீச்சர் வேற. இது எதுவும் இல்லாம நாங்க படிக்கலையா?" அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் நிறையப் பேர். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல கேள்வி அது. பதில் சொல்ல அறுபது எழுபது வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும் என்பதால்தான் குழுவில் எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

"நாங்க படிக்கலையா" என்று கேட்கிறவர்கள் எல்லாருமே படித்தவர்கள். இதை முதலில் கவனியுங்கள். படிக்காமல் போனவர்கள் அந்தக் குழுவில் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1960-களின் தொடக்கத்தில். அப்போது பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் எல்லாம் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு வரும்போது பாதிகூட இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் மக்கு என்பதால் நின்றுவிடவில்லை. நம் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பருத்தி, கடலை. பெய்யாவிட்டால் கஞ்சிக்கே வழி தேட வேண்டும். பருத்தி எடுக்கிற காலத்திலும் கடலை பிடுங்குகிற காலத்திலும் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

பிள்ளையின் வயிறு பள்ளிக்கூடத்தின் பொறுப்புத்தான் என்று நம் மாநிலத்தில் முதலில் முடிவெடுத்தது சென்னை மாநகராட்சி. ஆண்டு 1920. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு போகக்கூடாது என்பது நிபந்தனை. சாப்பாடு போட்டால் வருகை கூடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தொடக்கக் கல்விக்கான பணத்தைச் சோற்றுக்குச் செலவு செய்யலாமா என்று மேலே இருந்த வெள்ளைக்கார அரசு கேட்டது. சில வருஷத்திலேயே திட்டத்துக்குத் தடங்கல் வந்தது. "படிப்புக்குக் கொடுத்த காசைச் சோத்துல போடறதா" என்ற பேச்சுக்கு வயது நூறுக்கு மேல் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

இங்கே நாம் சோற்றுக்குக் கணக்குப் பார்த்தபோது இங்கிலாந்தில் அந்தக் கேள்வி ஏற்கனவே முடிந்துவிட்டிருந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுக்கப் போனபோது, வந்த இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதி இல்லாமல் திரும்பினார்கள். பிறகுதான் அந்த நாடு விழித்துக்கொண்டது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஒரு சட்டம், 1907-இல் பள்ளியிலேயே மருத்துவப் பரிசோதனை செய்ய ஒரு சட்டம். பட்டாளத்துக்கு ஆள் வேண்டும் என்ற கவலையில் பிறந்தவை என்றாலும், பிள்ளையின் உடம்பும் படிப்பும் வேறு வேறல்ல என்பதை அந்தச் சட்டங்கள் ஒப்புக்கொண்டன.

நம் ஊருக்கு வருவோம். 1956-இல் காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊர் மக்களின் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. மாடு மேய்த்த பையனிடம் காமராசர் பேசிய கதையை உங்களுக்கெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடர், மக்காச்சோள மாவு, கோதுமை ரவை, எண்ணெய் எல்லாம் கொடுத்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த மஞ்சள் மாவு உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். ஆக, "எதுவும் இல்லாமல் படித்தோம்" என்று என் தலைமுறைக்காரர்கள் சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள். நாங்களும் பள்ளிக்கூடத்தில் தட்டேந்திச் சாப்பிட்டவர்கள்தான்.

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் சத்துணவு வந்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்தார். அன்றைக்கு அது நம் மாவட்டம். முதலில் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அதே ஆண்டு நகரங்களுக்கும் வந்தது. 1984-இல் பத்து முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கும் நீட்டித்தார்கள். அப்போதும் பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர், "இத்தனை பணத்தில் எத்தனை தொழிற்சாலை கட்டலாம்" என்று கேட்டார்கள். ஆசிரியர்களான எங்களுக்குள்ளேயும் முணுமுணுப்பு இருந்தது. வகுப்பறைக்குப் பக்கத்தில் அடுப்புப் புகை, பதினோரு மணிக்கே சாம்பார் வாசனை, பிள்ளைகள் கவனம் அங்கே.

ஆனால் வருகைப் பதிவேடு பொய் சொல்லாது. மதியத்துக்கு மேல் பிள்ளைகள் காணாமல் போவது குறைந்தது. பெண் பிள்ளைகளை அனுப்பாத வீடுகள், "ஒரு வேளைச் சோறாவது அங்க திங்கட்டும்" என்று அனுப்பின. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். நம் பக்கத்தில் அது சின்னச் சங்கதி அல்ல என்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். சமைத்துப் போடக் கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். சத்துணவு ஆயா என்று நீங்கள் கூப்பிட்ட பெண்களில் எத்தனை பேர் அந்தச் சின்னச் சம்பளத்தில் தங்கள் பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு வாரம் ஒன்று ஆகி, பின்னாளில் வாரத்துக்கு ஐந்து என்றானது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தத் திட்டத்தைக் குறைக்கவில்லை; ஒவ்வொருவரும் ஏதாவது கூட்டிவிட்டுத்தான் போனார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்குள் இருபது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றுக் கதை இது. இனி மற்றதைச் சொல்கிறேன். எனக்கு அதிகம் வலிக்கிற பகுதி இதுதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சாதி எல்லாம் எழுதுவோம். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும்: "வலது கன்னத்தில் ஒரு மச்சம்", "இடது முழங்காலில் ஒரு தழும்பு". முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் மச்சம் எழுதியிருப்பேனோ. மச்சம் எழுத இடம் இருந்த அந்தத் தாளில், இந்தப் பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று எழுத ஒரு கட்டம் கிடையாது.

கட்டம் இல்லாததால் அந்தப் பிள்ளைகள் வேறு பெயரில் பதிவானார்கள். கரும்பலகை தெரியாத பையன் "பார்த்து எழுதுகிறவன்" ஆனான். ஒரு காது கேட்காத பெண் "திமிர் பிடித்தவள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்" ஆனாள். எழுத்து கண்ணில் புரண்டு தெரிகிற பிள்ளை "மக்கு". வலிப்பு வந்த பையனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊரே சொல்லிக் கோயிலுக்குக் கூட்டிப்போனது. ரத்தம் இல்லாமல் மேசை மேல் தலை சாய்த்த பெண் பிள்ளை "தூங்குமூஞ்சி". இவர்கள் யாரும் ஒரு நாளில் நின்றுவிடவில்லை. முதலில் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். பிறகு வாரம் மூன்று நாள் வந்தார்கள். அப்புறம் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார்கள். பதிவேட்டில் "இடைநிற்றல்" என்று ஒரே சொல்.

பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தமிழ்நாட்டில் பள்ளி இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1890-களிலேயே கிறித்தவ மிஷனரிப் பெண்கள் அவற்றைத் தொடங்கிவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி உண்டு. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைப் பஸ் ஏற்றி விடுதியில் விட எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று 1974-இல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. காகிதத்தில் நல்ல திட்டம். நான் வேலை பார்த்த கிராமங்களில் அதன் சுவடு வந்து சேர வெகு காலம் ஆனது.

1995-இல் முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்றது. ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் அது கணக்கில் எடுத்தது. அதே வருஷம் நவம்பரில் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்ததை அரசியல் சங்கதியாக மட்டும் பார்க்காதீர்கள். கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சான்றிதழுக்குத் திருச்சிக்கு அலைந்த தாய்க்கு, அலுவலகம் பக்கத்து ஊருக்கு வந்தது.

பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. வட்டார வள மையம் என்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒன்று. சிறப்பாசிரியர்கள், உடற்பயிற்சி கொடுக்கிற இயன்முறை மருத்துவர்கள் வந்தார்கள். நடக்கவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு வந்தது. பள்ளிக்கு வர வழித்துணைப்படி கொடுத்தார்கள். 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். அந்த வருஷம் என் பள்ளியில் ஒரு பையன் முதல் முறையாகக் கண்ணாடி போட்டதும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான். "சார், இலை தனித்தனியா தெரியுது" என்றான். எட்டாம் வகுப்புப் பையன். அதுவரை மரம் என்றால் பச்சையாக ஒரு குவியல் என்றே நினைத்திருக்கிறான். இதையெல்லாம் இலவசம் என்று ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2013-இல், நான் ஓய்வு பெற்ற ஆண்டில், சிறார் நலத்திட்டம் தொடங்கியது. மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். பிறவிக் குறை, நோய், சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம் என்று 30 வகைச் சிக்கல்களைப் பார்க்கிறார்கள். இதயத்தில் ஓட்டை இருப்பது பள்ளிக்கூடத்தில் தெரியவந்து, செலவில்லாமல் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய பிள்ளைகள் உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, வருஷத்தில் இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை. "தூங்குமூஞ்சி" என்ற பெயருக்கு மருந்து அந்த நீல மாத்திரைதான் என்று எங்களுக்கு யாராவது 1980-இல் சொல்லியிருந்தால் எத்தனை பெண்கள் பத்தாவது தாண்டியிருப்பார்கள்!

மாற்றம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் போலியோவை நினைத்துப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கால் சூம்பிய பிள்ளை இல்லாத பள்ளியே கிடையாது. 1995-இல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியோடு நாங்களும் உட்கார்ந்தோம். உங்களில் பலர் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ ஒருவருக்கும் வரவில்லை. 2014-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இன்றைக்கு ஒன்றாம் வகுப்பு எடுக்கிற இளம் ஆசிரியை கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்திருக்கவே மாட்டார். விதி என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்று, இரண்டு சொட்டில் போய்விட்டது.

2016-இல் புதிய சட்டம் வந்து ஏழு வகையை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் சேர்ந்தன. "மக்கு" என்ற சொல்லுக்கு அரசாங்கம் கொடுத்த திருத்தம் என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் இன்றைக்கு உரிமை. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கத் தெரியாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை கேட்ட காலைச் சாப்பாட்டுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலையில் காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற தாய் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவாள்? ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம் பன்னிரண்டரை வரை வெறும் வயிற்றோடு இருந்தால் பதினாறரை மணி நேரம் பட்டினி. காலை முதல் இரண்டு பாடவேளையில்தான் கணக்கும் தமிழும் வைப்போம். இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சோடா கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் வெயில் என்று சொன்னோம். பாதி நாள் அது வெயில் இல்லை.

இன்னொரு செய்தி நம் ஊர்க்காரர்கள் பெருமையாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. 2024 நவம்பர் 15-இல் "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடியில். கடல் உயிரினங்களின் புதைபடிவங்களைப் பார்க்க உங்களை எல்லாம் அழைத்துப்போகச் சொல்வேனே, அந்த அருங்காட்சியகம் இருக்கிற அதே வாரணவாசி. எடை மிகக் குறைந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிற திட்டம் அது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தானே? அப்படியானால் தாய்க்குக் கொடுப்பதுதான் குழந்தைக்குக் கொடுப்பது. 1920-இல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குச் சோறு. 1982-இல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு. 2024-இல் தாயின் மடியில் இருக்கிற பிள்ளைக்கு. குறையை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோமோ அவ்வளவு சுலபமாகச் சரிசெய்யலாம் என்று நூறு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஒருவராக ஓடுகிறார்கள். சாய்தளம் கட்டியிருப்பார்கள், கழிப்பறைக்குப் படி இருக்கும். ஆதரிக்கிற சட்டம் இருக்கிறது. ஆனால் "இந்தப் பிள்ளை வந்தால் ரிசல்ட் குறையும்" என்று தட்டிக்கழிக்கிற இடங்களும் இருக்கின்றன. நம் வீடுகளிலும் குறை உண்டு. விசேஷத்துக்குப் போகும்போது அந்தப் பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. யாரென்று சொல்லப் போவதில்லை.

உங்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறேன். வாத்தியார் புத்தி, வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடாது.

பெற்றோராக இருப்பவர்கள்: பிள்ளை ஒன்றாம் வகுப்பு சேருமுன் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதியுங்கள். ஒன்றரை, இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லை என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். ஆரம்பநிலையிலேயே கவனிப்பதற்கென்று தனி மையம் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களாக இருப்பவர்கள்: பின் தங்கும் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் முன் முதல் பெஞ்சில் ஒரு வாரம் உட்காரவைத்துப் பாருங்கள். நலம் நாடி செயலியில் பதிவு செய்வதை இன்னொரு எழுத்து வேலை என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஏங்கிய கட்டம் அதுதான். ஊரில் இருப்பவர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கேள்வி கேட்கிற உரிமை உங்களுடையது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், பெயர் பொறித்த வளைவுக்குப் பதில் சக்கர நாற்காலி போகிற ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக் குழுப் படத்தில் இல்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஏன் நின்றார் என்று இப்போது யோசித்தால் உங்களுக்குக் காரணம் புரியலாம். அவருடைய பேரப் பிள்ளைகள் இப்போது நம் ஊர்ப் பள்ளியில்தான் படிப்பார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். உதவி ஏதாவது தேவைப்பட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள். யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவம் வேண்டும் என்று சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

அன்புடன்,
உங்கள் வாத்தியார்